லோவெல்லின் நாற்பத்தொரு பெட்டிகள்

மார்ச் 5, 2016, சனி
நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறைக்கு இன்று லீவு. தம்பி லோவெல் வீட்டு நிலவறையில் நாள் முழுக்க உட்கார்ந்து, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளைப் பிரித்தேன். 1987 முதல் 1991 வரை, தொழிற்சாலையில் சம்பளம் கிடைத்ததும் அவன் வாங்கிவந்து அடுக்கியவை. நாற்பத்தொரு பெட்டி. பாதிப் பொட்டலங்களைத் திறக்கவே இல்லை. உள்ளே அட்டைகளோடு இலவசமாக வைத்த சூயிங்கம் கல்லாகி, ஆட்டக்காரர் முகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆக்சிஜன் குழாயோடு அவனால் படி இறங்க முடியாது. மேலேயிருந்தே கத்துகிறான்: "அக்கா, மூலை மடங்காம பாத்துக்கோ! மடங்கினா பாதி விலை போச்சு!"

விற்று வரும் பணமெல்லாம் மகள் கொரினுக்காம். அவள் பிறந்த வருடம்தான் வாங்க ஆரம்பித்தான். அவள் இவனோடு பேசி ஏழு வருடம் ஆகிறது. கல்யாணத்தன்று, அப்பா செய்ய வேண்டிய முறைப்படி, தேவாலயத்துக்குள் அவளைக் கைபிடித்து அழைத்து வந்தவர் அவள் அம்மாவின் இரண்டாவது கணவர். அது முன்பே தெரிந்ததால் இவன் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மார்ச் 8
மூன்று பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அட்டைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்ராக் மூடியைத் திறந்தார், வருடத்தைப் பார்த்தார், மூடினார்.

"இன்னும் எத்தனைம்மா இருக்கு?"

"முப்பத்தெட்டு பெட்டி."

"அப்போ கோடிக்கணக்குல அச்சடிச்சுத் தள்ளினாங்க. விலை ஏறும்னு ஒருத்தரும் தூக்கிப் போடலை. அதான் வினை. எங்கப்பா காலத்து அட்டையெல்லாம் பசங்க சைக்கிள் சக்கரத்துல சொருகியே கிழிச்சாங்க, மிச்சத்துக்கு விலை வந்துச்சு. இதை எவன் கிழிச்சான்?"

"பெரிய ஆட்டக்காரங்களும் இருக்காங்களே..."

"எல்லார் வீட்டுலயும் இருக்காங்க. சும்மா குடுத்தாலும் வைக்க இடமில்லைம்மா. கோவிச்சுக்காதீங்க."

மூன்று பெட்டிகளையும் திரும்பக் காரில் ஏற்றினேன்.

வாசற்கதவை ஒட்டி நாற்காலி போட்டுக் காத்திருந்தான் லோவெல். "என்ன சொன்னான்?" அந்த முகத்தைப் பார்த்ததும் — சொல்லிவிட்டேன். நல்ல விலை போகுமாம், பொறுத்து விற்றால் இன்னும் ஏறுமாம் என்று.

"நான்தான் சொன்னேன்ல! எல்லாரும் என்னைப் பைத்தியம்னீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்னாரே, அதனாலா?

மார்ச் 11
நான் இல்லாத நேரத்தில் கொரினுக்குப் போன் செய்திருக்கிறான். கடவுளே.

மார்ச் 12
ஸ்போகேன் ஊரிலிருந்து கொரின் அழைத்தாள். "அத்தை, எனக்கு ஒரு சொத்தே சேத்து வச்சிருக்கேன்னு அப்பா போன்ல பேசி மெசேஜ் விட்டிருக்கார். குரலே எழும்பலை. என்ன ஆச்சு அவருக்கு?"

அவளிடம் பொய் வரவில்லை. நுரையீரல், அட்டைகள், நான் சொன்னது — எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிறகு, "வர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 19
வந்துவிட்டாள். அவனுக்கு அழுகையும் இருமலும் சேர்ந்து வந்தன. நான் சமையலறைக்குப் போய்ச் சும்மா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

மார்ச் 21
சூப் எடுத்துக்கொண்டு போனபோது காதில் விழுந்தது. "அப்பா, அந்த அட்டைக்கெல்லாம் ஒண்ணும் கிடைக்காது. அது தெரிஞ்சேதான் வந்தேன். உங்களைப் பாக்கத்தான் வந்தேன்." அவன் அவள் கையைப் பிடித்தபடி சிரித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"பெட்ராக் அன்னைக்கு உங்கிட்ட இதைத்தான் சொன்னானா?"

"ஆமாண்டா."

"என்னைக் குழந்தைன்னு நினைச்சுட்டே இல்ல? சாகப்போறவன்தானே, எதையாவது சொல்லி வைப்போம்னு."

"லோவெல் —"

"போ அக்கா."

மார்ச் 24
கொரின் ஊட்டினால் சாப்பிடுகிறான். நான் உள்ளே போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

மார்ச் 27, ஈஸ்டர்
அறையில் இருவரும் சிரிக்கிறார்கள். யாரோ ஆட்டக்காரரின் மீசையைப் பற்றி. நான் அடுப்படியில் ஈஸ்டர் விருந்துக்கு ஹாம் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்று வேண்டாம், அவள் சந்தோஷமாக இருக்கிறாள். நாளைக்குக் கேட்கிறேன்.

மார்ச் 28
காலை ஆறே முக்காலுக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 9
கொரின் ஒரு கைப்பிடி அட்டைகளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போனாள். மற்றதைப் பழைய காகித லாரியில் ஏற்றினார்கள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 24, ஞாயிறு
கொரின் அழைத்தாள். இப்போது ஞாயிறுதோறும் அழைக்கிறாள். அப்பா சின்ன வயதில் எப்படி என்று கேட்டாள். நாய்க்குப் பயந்து தபால் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கடைசி வாரத்தில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குப் பதில், அங்கே மழையா என்று கேட்டேன். மூன்று நாளாக விடாமல் பெய்கிறது என்றாள்.