மங்குஸ்தீனுக்கு ஓர் ஓட்டு

காஜா பெராங், மலாக்கா
ஜூலை 1955

அன்புள்ள ரோஷன் பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா? மகள் ஆயிஷா நன்றாகச் சாப்பிடுகிறாளா?

இங்கே முதல் பொதுத்தேர்தல் வருகிறது. ஓட்டுப் போட்டுப் பழக்கமில்லாத ஜனங்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை திடலில் ஒத்திகை வைத்தார்கள். டுரியான் பழமும் மங்குஸ்தீன் பழமும்தான் வேட்பாளர்கள்! சிரித்துக்கொண்டே போனேன். எங்கள் கடை முதலாளி ஜெய்னுலாப்தீன் ஹாஜியார் நேராக முன்னால் போய் நிற்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ சலவைக்காரர் பிச்சைக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

பிச்சை பதறிப்போய், "முன்னுக்குப் போங்க முதலாளி" என்றார்.

"இங்க என்னப்பா முதலாளி? ஒனக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டுதான்."

நானும் போய் அவருக்குப் பின்னால் நின்றேன். மங்குஸ்தீனுக்குப் போட்டேன்.

மறுநாள் பிச்சை கடைக்குத் துணி கொண்டுவந்தார். ஹாஜியார் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு பிச்சை" என்றார். இத்தனை வருஷமும் வாசலிலேயே நின்றவர் உட்கார்ந்தார். பழங்களுக்குப் போட்ட பொய் ஓட்டுக்கு இவ்வளவு சக்தியா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. நிஜத் தேர்தலில் எனக்கு ஓட்டுக் கிடையாது. பிரஜையாக மனுப் போடப் போகிறேன். நீங்கள் இருவரும் இங்கே வருவீர்களா? ஆயிஷாவின் பாத அளவை நூலில் எடுத்து அனுப்பு. செருப்பு வாங்கி இங்கேயே வைத்திருப்பேன்.

கடை திறக்கக் கூப்பிடுகிறார்கள்.

உன்
ஷரீஃபுதீன்