பாம்பின் வாயில் என் ஒப்பம்

மிஸ்ஸி,

இன்று காலை வந்தாறுமூலையில், புதிய டொக்டர்களுக்கு முன்னால் அந்த நீலத் தறப்பாளை விரித்தேன். சுனாமி முகாமில் அடித்த அதே பிளாஸ்டிக் வாடை. கூடவே நீங்களும் நினைவில் வந்துவிட்டீர்கள்.

ஏழைக்கும் வசதியுள்ளவனுக்கும் வைத்தியம் ஏன் ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை என்று ஊழியர்களுக்குக் கற்பிக்கச் சொல்லி, சுனாமிக்கு அடுத்த வருடம் உத்தரவு வந்தது. நான் விரிவுரை தொடங்கிப் பத்து நிமிடத்தில் மருந்தாளர் குறட்டை விட்டார்.

"டொக்டர், ஒரு விளையாட்டு விளையாடுவமா?" என்றீர்கள். நீங்கள் எங்கள் கிளினிக்கில் பிரசவம் பார்க்கும், எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் குடும்பநல மாது, நான் மேலதிகாரி. ஆனாலும் அது அனுமதி கேட்ட குரல் இல்லை.

தறப்பாளில் பெயின்ட்டால் கீறிய பாம்பும் ஏணியும். இழுக்கும் சீட்டில் வரும் ஆளாக ஆடவேண்டும். மருந்தாளருக்கு வங்கி மனேஜரின் மனைவி. ஏணிமேல் ஏணியாக ஏறி, ஸ்கேனும் எடுத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார். எனக்குத் தூரத்து மாங்கேணிக் கிராமத்துக் கர்ப்பிணி. பஸ் இல்லை, இறங்கு. சோதனைச் சாவடி, காத்து நில். ஒரு பாம்புக்குத் தப்ப, காயை மெல்ல அடுத்த கட்டத்துக்குத் தள்ளினேன்.

"அந்தப் பிள்ளைக்கு இந்த வசதி இல்ல டொக்டர்" என்று காயைத் திருப்பி வைத்தீர்கள்.

பாம்பின் வாயில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'பத்து மணிக்குப் பின் வருவோர் அடுத்த வாரம் வரவும்.' தோற்றால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "எந்த மடையன் இத எழுதினது?" என்று கத்தினேன்.

"கீழ ஒப்பம் இருக்கு, வாசியுங்கோ."

என் ஒப்பம். மருந்தாளருக்குத் தேநீர் புரையேறியது.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "அந்த மாங்கேணிப் பிள்ளை உண்மையான ஆள் டொக்டர். கால் வீங்கியிருக்கு. பஸ் வந்து சேரப் பதினொண்டாகும். ரெண்டுதரம் திரும்பிப் போயிட்டாள்."

வெட்கமாக இருந்தது. உடனே வாசல் அறிவித்தலைக் கிழிக்க ஓடினேன். சுவர் வெறுமையாக இருந்தது. அதை உரித்துத்தான் பாம்புக்கு ஊட்டியிருந்தீர்கள்!

அடுத்த கிளினிக் நாளில், பதினொரு மணிக்கு அவள் வந்தாள். பிரஷர் எகிறியிருந்தது; உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அம்புலன்ஸில் நீங்களும் ஏறிப் போனீர்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். திரும்பி வந்து என்னைப் பாராட்டவில்லை. பெயின்ட் டப்பாவை நீட்டி, "ஒரு ஏணி கீறுங்கோ" என்றீர்கள். அது இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

யுத்தம் முடிந்து சாவடியும் போய்விட்டது. அந்தக் கட்டத்தை அழித்தேன். பாம்பின் வாயிலிருந்த காகிதத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

இன்று ஓர் இளம் டொக்டர் அதே இடத்தில் சறுக்கி, "எந்த மடையன் இத எழுதினது?" என்று கத்தினார்.

பதில் சொல்ல நீங்கள் இல்லை, மிஸ்ஸி. நானே எழும்பிக் கையை உயர்த்தினேன்.