நான் போடாத பென்டிரைவ்

சார்,

காலையில் பழைய டிபன் பையைத் துவைக்கக் கவிழ்த்தேன். நீங்கள் கொடுத்த இரண்டு பென்டிரைவும் விழுந்தன. இரண்டின் மூடியையும் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, அதன்மேல் எழுதியிருந்தீர்கள். ஒன்றில் டேப் கிழிந்திருக்கிறது. இன்னொன்றில் பிரிக்கவே இல்லை. பிரிக்காததில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘புதியது. இதைப் போடு.’

ஆமாம் சார், படித்தேன். அறுபத்தெட்டு வயதில். சர்ச் ஹாலில் ஏழு மாதமாக வகுப்புக்குப் போகிறேன். காலண்டர், நோட்டீஸ், போண்டா மடித்த பேப்பர் எதையும் விடுவதில்லை. இந்தக் கடிதத்துக்கே மூன்று நாள் ஆகும். ஆகட்டும்.

ஜோகுபாளையம் பட்டறையில் கம்ப்யூட்டர் லேத்தின் டிஸ்க் செத்துப்போனது. மாற்று டிஸ்க் எங்கும் கிடைக்கவில்லை. லேத் ஓடாவிட்டால் மூடிவிடுவேன் என்றார் முதலாளி. நாலு பேர் பிழைப்பு. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் லிங்கராஜபுரம் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. நீங்கள் பென்டிரைவில் செய்து தருவதை நான் கொண்டுபோய் லேத்தில் மாட்டுவேன்.

“டிஸ்க் இல்லன்னா என்னய்யா, மெமரிலயே ஒரு பொய் டிஸ்க் வெச்சுடலாம்,” என்றீர்கள். அதற்கு, மெஷினை ஓட்டும் அடிப்படை புரோகிராமான கெர்னலுக்குள் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டுமாம். ஃபைல்கள் அந்த இடத்தில் அடங்கவில்லை. இடத்தின் அளவைச் சொல்லும் எண்ணை மாற்றி கெர்னலை மறுபடி கம்பைல் செய்து உருவாக்க உங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் பிடித்தது. இரண்டு மாதம் போராடினீர்கள்.

ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். “நான் ஒரு மடையன்யா. அது அரை அரை கிலோபைட்டா எண்ணுது. நான் முழுசுன்னு நெனச்சு எழுதிட்டேன். வேண்டியதுல பாதி எடந்தான் குடுத்திருக்கேன். இந்தா, புதுசு. பழசும் கூட இருக்கட்டும், ஒப்பிட்டுப் பாக்க. மேல எழுதியிருக்கேன், பாத்துப் போடு.”

தலையாட்டினேன். முப்பது வருஷப் பழக்கத்தில் உங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நான் எப்போதும் கண்ணாடியை மறந்துவிடுகிறவன் என்பதுதான்.

கைக்கு வந்ததை மாட்டினேன். உங்களுக்குப் போன் செய்தேன்.

“நின்னு போச்சு சார்.”

“எங்க?”

“அதே எடத்துல.”

“புதுசத்தான போட்ட?”

“பின்ன, பழசையா போடுவேன்?”

“அப்போ என் கணக்கே தப்புய்யா. வயசாயிடுச்சு. விட்டுடச் சொல்லு.”

இன்னொன்றையும் மாட்டியிருக்கலாம். முதலாளி பக்கத்திலேயே நின்றார். மாட்டினால், ஏன் முதலில் இதைப் போடவில்லை என்று கேட்பார். படிக்கத் தெரியாதது வெளியே வந்துவிடும். பையில் போட்டுக்கொண்டேன்.

பட்டறையை மூடினார்கள். லேத்தை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பிறகு நீங்களும் போய்விட்டீர்கள், உங்கள் கணக்கு தப்பு என்ற நினைப்போடு. அது சரி என்று காட்ட இனி அந்த மெஷின் இல்லை. சரியாகத்தான் இருந்திருக்கும் சார்.

சொல்லிவிட வேண்டும் என்று மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். வரிசை வரிசையாகத் தேடினேன். யாரையும் கேட்கவில்லை. கல்லில் உங்கள் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தப்பில்லாமல் படித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன் சார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.