தவளைக்குள் என் குரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

முழங்கால் வலியையும் முணுமுணுப்பையும் கழித்துவிட்டால் அப்பா நன்றாகவே இருக்கிறேன், அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். போன் வந்தாலே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், எனக்கு வாய் திறக்க இடமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற சிறப்புப் பள்ளி ஆசிரியர்களைக் கூப்பிட்டு, கணக்குப் பாடத்தில் கம்ப்யூட்டரை எப்படிச் சேர்ப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள் இல்லையா, அதில் நானே ஒரு தவளை விளையாட்டு செய்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தத் தவளைதான் இப்போது என் கழுத்தை அறுக்கிறது. திரையில் புள்ளிகள் வரும், பிள்ளை எண்ணிப் பார்த்து எண்ணை அமுக்க வேண்டும், சரியென்றால் தவளை தாவும், கைதட்டல் கேட்கும். தப்புக்கு 'ட்ர்ர்' என்று ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் என் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழும், தப்புக்குப் பயந்தால் கணக்கே வராது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், அதனால் அதை எடுத்துவிட்டு "அய்யய்யோ, போச்சே போச்சே!" என்று என் குரலையே பதிவு செய்து வைத்தேன். பயிற்சி தந்த பெண் விழுந்து விழுந்து சிரித்து, "பிரமாதம் சார்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வகுப்பில் தாளம் என்று ஒரு குட்டி இருக்கிறாள், பேச்சு வராது, எப்போதும் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். சட்டைப் பொத்தான்களைக் கொட்டினால் பத்துவரை எண்ணி விரலைக் காட்டிவிடுவாள். அவளுக்கு என் அய்யய்யோ பிடித்துப்போய்விட்டது, கைதட்டல் யாருக்கு வேண்டும்! மூன்று புள்ளி வந்தால் நான்கை அமுக்குவாள், ஐந்து வந்தால் ஆறை, உள்ளேயிருந்து நான் அலறியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். குரலை எடுக்கப் பார்த்தேன், தவளையே காணாமல் போனது, தவளையைத் திரும்பக் கொண்டுவந்தால் குரலும் கூடவே வந்து உட்கார்ந்தது. பயிற்சி தந்த அந்தப் பெண்ணோ வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். உனக்குப் போன் செய்யலாமென்றால் அங்கே நீ தூங்கும் நேரம்.

அதற்குள் ஆய்வு அதிகாரி வந்துவிட்டார். யார் கணக்கு வகுப்பில் இருக்கலாம், யார் விளையாட்டு அறைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர். விளையாட்டு அறை என்று பெயர்தான், பாடம் கிடையாது, சாயங்காலம்வரை சும்மா உட்கார வைப்பார்கள். தவளையை வைத்தே ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்தார், தாளம் ஒன்றைக்கூடச் சரியாக அமுக்கவில்லை. "தெரியாத பிள்ளைன்னா குருட்டாம்போக்குல ஒண்ணாவது சரியா விழுந்திருக்குமே சார்" என்று கெஞ்சினேன், பொத்தானைக் கொட்டிக் காட்டுகிறேன் என்றேன். "மெஷின்ல பூஜ்யம்னு வருது, நான் வேற என்ன எழுதறது" என்றார். கெட்டவர் இல்லை, இந்த வருடம் கம்ப்யூட்டர் காட்டுவதைத்தான் எழுத வேண்டுமாம். தலைமையாசிரியை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அம்மா வந்து "அப்போ என் பொண்ணுக்கு ஒண்ணுமே வரலையா சார்" என்று கேட்டபோது அழுதே விட்டேன்.

இப்போது அவள் அந்த அறையில்தான் இருக்கிறாள். வராந்தாவில் என் தலை தெரிந்தால் ஜன்னலுக்கு ஓடி வருகிறாள். நான் மூன்று விரல் காட்டுகிறேன், அவள் நான்கு காட்டிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மெதுவாக அய்யய்யோ என்று சொல்லிவிட்டு வருகிறேன், வேறென்ன செய்ய.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். தவளை போகாமல் குரலை மட்டும் எடுப்பது எப்படி என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது, மறந்துவிடாதே அம்மா.

உன் அப்பா