அரிசி ஆலையிலிருந்து வந்த பனங்கைகள்

அக்கா,

இன்று காலை தூறல். சன்னல்களைச் சாத்திவிட்டு நிமிர்ந்தால் கூரையிலிருந்து தவிட்டு வாசனை இறங்கியது. பல வருடம் ஓர் அரிசி ஆலையின் ஓட்டுக்கூரையைத் தாங்கி நின்ற பனைமரச் சட்டங்கள், பனங்கைகள். காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த வாசனையை விடுகின்றன. நீங்கள் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய மரம் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

காவாந்தண்டலத்தில் மரத்தால் வீடு கட்டப்போகிறேன் என்றதும் காஞ்சிபுரத்தில் என் அலுவலகத்தில் சிரித்தார்கள். தனி ஆள், அதிலும் பெண். சிமெண்டை முடிந்தவரை குறைத்து, இடிக்கிற வீடுகளின் பழைய மரத்தைத் தேடி வாங்கி, ஓர் ஆசாரியோடு நானும் நின்று கட்டுவதாகத் திட்டம். நீங்கள் சிரிக்கவில்லை. "மர வூடா? கரையான் வந்தா இன்னா பண்ணுவ?" என்று கேட்டீர்கள். அடியில் கல்தூண் நிறுத்தப்போவதைச் சொன்னதும், "அப்போ சரி" என்று வண்டியில் ஏறிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இறந்தபிறகு அவருடைய மினி லாரியை நீங்களே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். கதவு, நிலை, தேக்குத் தூண் என்று எனக்கு வந்த எல்லாம் அந்த வண்டியில்தான் வந்தன.

கூரைக்குப் பனங்கை வேண்டியிருந்தது. இடித்த வீட்டுச் சரக்கு இருப்பதாக ஒரு தரகர் சொன்னார். நேரில் பார்க்காமலே ஒப்புக்கொண்டு உங்களை அனுப்பினேன். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசாரியும் ஆட்களும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். மதியம் வெறும் வண்டியோடு திரும்பினீர்கள்.

"பழைய மரம் இல்லம்மா அது. ஏரிக்கரையில நேத்து வெட்டிக்கிறான். ஈரங்கூட காயல. மட்டையெல்லாம் பக்கத்துலயே கெடக்குது."

"வெட்டினது வெட்டினதுதானே? இனிமே நட முடியுமா?"

"நீ வாங்கினா நாளைக்கு இன்னும் பத்து வெட்டுவான். என் வண்டில அத்த ஏத்தமாட்டேன்."

"லோடு ஏத்தத்தான் உங்களைக் கூப்பிட்டேன். மரம் எப்படின்னு பாக்கறது என் வேலை." ஆட்கள் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். நீங்கள் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை உங்கள் போன் வந்தது. குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. "புள்ளலூர்ல புண்ணாக்கு மூட்ட எறக்க வந்தேன். பழைய ரைஸ் மில்லு கூரைய பிரிச்சிக்கினு கீறாங்க. அத்தனையும் பனங்கை, கரும்பாறை மாதிரி கீது. யாருக்கும் குடுக்காதன்னு சொல்லி வெச்சிக்கிறேன். வந்து உன் கண்ணால பாரு."

போய்ப் பார்த்தேன். மறுநாளே ஏற்றினோம். வண்டிக்கு வெளியே நீண்ட முனைகளில் உங்கள் பழைய சிவப்புத் துண்டைக் கிழித்துக் கட்டினீர்கள். அத்தனை நீள மரத்தோடு எங்கள் தெரு முனையில் வண்டியைத் திருப்ப முடியவில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் நீங்களே போய்ப் பேசி, முள்வேலியைக் கொஞ்சம் பிரித்து, உள்ளே வந்தபின் இறங்கி அதைத் திரும்பக் கட்டிக்கொடுத்தீர்கள். பெருமழைக்கு முன்பே கூரை நின்றுவிட்டது. புதுமனை புகுவிழாவுக்கு வந்தபோது சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு சாப்பிட உட்கார்ந்தீர்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வருடம், வேலிக்குக் கல் கொண்டுவர உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் தங்கை எடுத்தாள். "அக்கா போயி இருவது நாளாவுது. நெஞ்சு வலின்னுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல." அன்று மாலையே உங்கள் வீட்டுக்குப் போனேன். வண்டி வாசலில் நின்றது. "ஒருநாள் அவங்கள எல்லார் முன்னாடியும் பேசக் கூடாதது பேசிட்டேன்" என்றேன்.

தங்கை சொன்னாள்: "அக்கா சொல்லிக்கிது. 'அந்தம்மா கோவத்துல பேசிச்சு. ஆனா வேற வண்டி வெச்சி அந்த மரத்த எடுத்துக்கினு வந்துருக்கலாம் இல்ல? செய்யல பாரு. நல்ல மனசு'ன்னுச்சு."

நான் வெறுமனே தலையாட்டினேன்.

நடந்தது இது, அக்கா. அந்தத் திங்கட்கிழமை நீங்கள் தெருவைத் தாண்டுவதற்குள், அந்த மரத்தையே ஏற்றிவர நான் இன்னொரு வண்டிக்காரருக்குப் போன் செய்துவிட்டேன். அவருக்கு வேறு லோடு இருந்தது. "வெள்ளிக்கிழமை வரேன் மேடம்" என்றார். நீங்கள் புதன்கிழமை கூப்பிட்டீர்கள். அந்த மரம் வராமல் தடுத்தது இடையில் இருந்த இரண்டு நாள்தான், என் நல்ல மனசு அல்ல.

வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், இதில் ஒரு பச்சை மரம்கூட இல்லையாமே என்று என்னைப் பாராட்டுகிறார்கள். வண்டி ஓட்டிய ஓர் அக்கா மாட்டேன் என்றதால் அப்படி ஆனது என்று உங்கள் பெயரைச் சொல்கிறேன். அதுவரைக்கும் உண்மைதான். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன நல்ல பேர் மட்டும் என்னிடமே இருக்கிறது. அதைத் திருப்பித் தர ஆள் இல்லை. அதனால் எந்தப் பொருள் வாங்கினாலும் இப்போது நானே முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.