விற்காமல் நின்றவள்

அக்டோபர் 7, 2008 – செவ்வாய்

பங்குச் சந்தை இன்றும் சரிந்தது. மேல்மாடி அதிகாரிகள் உட்பட எல்லோரையும் வாடிக்கையாளர்களின் போனை எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் கெட்ட நாட்களில் அதுதான் வழக்கம்.

மதியம் என் பக்கத்து நாற்காலிக்கு ஹால்டேனே வந்துவிட்டார். கம்பெனியை ஆரம்பித்தவர். எழுபத்தொன்பது வயது, ஓய்வு பெற்று எட்டு வருஷமாகிறது. எல்லாக் கம்பெனியிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போடு, தரகருக்குத் தண்டம் அழாதே, விழுந்தாலும் விற்காதே – முப்பது வருஷமாக இதே பாட்டு. முதலில் ஃபிலடெல்ஃபியாவே சிரித்தது. பிறகு டீச்சர்களும் நர்ஸ்களும் எங்கள் ஃபண்டில் நம்பிப் பணம் போட்டார்கள். என் சேமிப்பு முழுக்க அதில்தான்.

அக்டோபர் 10

ரெடிங் ஊரிலிருந்து ஒரு பஸ் டிரைவர் போன் போட்டார், எல்லாவற்றையும் விற்கச் சொல்லி. ஹால்டேன் எடுத்தார், தன் பெயரைச் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்" என்றார்.

அந்த ஆள் போட்ட கத்தல் எனக்கே கேட்டது. "உனக்கென்னப்பா, மாசம் பொறந்தா சம்பளம். எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கா. வித்துத் தொலை."

விற்றுக் கொடுத்தார். அப்புறம் என்னிடம், "அவர் சொல்றதும் நியாயந்தான், லொரெய்ன். நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அவரே இப்படிக் கேட்டால் நான் எங்கே போய் நிற்பது?

நவம்பர் 20

என் வீட்டுக்காரர் க்ளெனுக்கு வேலை போய்விட்டது.

பிப்ரவரி 22, 2009

சாப்பிட உட்கார்ந்தாலே க்ளென் ஆரம்பித்துவிடுகிறார். "பாதி போச்சு. மிச்சத்தையாவது எடுன்னா கேக்கறியா? நாளைக்கு உன் கிழவரா வந்து நமக்குச் சோறு போடுவார்?"

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9 – திங்கள்

விற்றுவிட்டேன். எல்லாவற்றையும். உணவு இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து எங்கள் கம்பெனி நம்பருக்கே போன் போட்டேன். எடுத்தவள் அடுத்த வரிசை டோனா. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் – ஏன் கேட்கவில்லை?

கேன்டீனில் ஹால்டேன், "எப்படிம்மா தாங்கறே?" என்றார்.

"தாங்கறேன் சார்."

மார்ச் 26

ஏறுகிறது.

டிசம்பர் 30

ஏறிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் இறங்கினால் திரும்ப வாங்கலாம் என்று காத்திருக்கிறேன். இறங்கவே மாட்டேன் என்கிறது. விற்றது மார்ச் ஒன்பது. அடிமட்டம் அன்றைக்குத்தான். வேறு நாளே கிடைக்கவில்லையா எனக்கு?

மே 16, 2015

ஹால்டேனுக்கு நினைவுக் கூட்டம். சர்ச் கொள்ளவில்லை. யார் யாரோ எழுந்து பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே கதைதான்: அந்த வருஷம் விற்கவில்லை, அதனால் வீட்டுக் கடன் தீர்ந்தது, பேத்தி டாக்டரானாள்.

வெளியே வரும்போது அவர் மனைவி எலினோர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே லொரெய்ன்? உன்னைப் பத்தி நெறைய சொல்வார். 'அத்தனை பேரும் விக்கறாங்க, பக்கத்து சீட்டுல ஒருத்தி மட்டும் அசையாம இருந்தா. அவளைப் பாத்துத்தான் நான் தாங்கினேன்'னு."

"ஆமாங்க" என்றேன்.

நாளை மறுநாள் ஏழு மணி ஷிஃப்ட். அறுபத்தெட்டு வயதாகிறது எனக்கு.