அவர் காதுக்காக ஒரு வழக்கு

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. டேங்கர் தண்ணீருக்குச் சொல்ல வேண்டும்.

அவருடைய காது மெஷின் பேசவில்லை. இரண்டு பக்கமும். பேட்டரி மாற்றியும் இல்லை. செல்லில் அதன் ஆப்பைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரே வரி: இந்தச் சேவை நிறுத்தப்பட்டது. போன வருடம் நான்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் ஆன்லைனில் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். ஆப் இருந்தால்தான் மெஷின். ஆப் இல்லையென்றால் வெறும் பிளாஸ்டிக்.

தான் ஓட்டும் ஸ்கூல் வேன் சாவியை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஓனர் மஞ்சுநாத் நல்ல மனிதர். "சரி ஆகலி, ஆமேலே பன்னி" என்றார் கன்னடத்தில். சரியானதும் வரச் சொல்கிறார் என்று நான் சைகையில் சொன்னேன்.

"பின்னாடி ஹாரன் அடிச்சா தெரியாது சாந்தி. புள்ளைங்க வண்டி." இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜூன் 11, புதன்
ஈஜிபுரா மெயின் ரோட்டில் காது கிளினிக். அரை நாள் லீவு. அங்கிருந்த பெண் மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். "அவங்க ஆப்தான் ஆன்ட்டி இதுக்கு சாவி. நாங்க தொறக்கவே முடியாது."

சாயங்காலம் கம்பெனி வெப்சைட்டில் சாட். பதில் உடனே, அதுவும் தமிழில். என்னைவிட நல்ல தமிழ். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.' எதைக் கேட்டாலும் மனமார வருந்தியது. மனிதர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். அதற்கும் வருந்தியது.

ஜூன் 20, வெள்ளி
மாவு புளித்துவிட்டது. தோசைதான்.

நுகர்வோர் புகாருக்கு அரசாங்க ஆப் இருக்கிறது என்று நான் வேலை செய்யும் நர்சிங் ஹோமில் சொன்னார்கள். பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்தபடியே போன வாரம் போட்டேன். எவ்வளவு சுலபம்! இன்று பதில். அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் ஆபீஸ் இல்லை, எங்கள் அளவில் முடித்துக்கொள்கிறோம், வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கீழே பச்சை டிக். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வேறு கேட்கிறது.

ஜூன் 28, சனி
பல நாடுகள் சேர்ந்து நடத்தும் புகார் தளம். போனிலேயே மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எழுதினேன். கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறார்கள்: தகவல் சேகரிக்க மட்டுமே, தனிப்பட்ட புகார்களைத் தீர்ப்பதில்லை.

அதே மெஷின் வாங்கியவர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று கண்ணில் பட்டது. எந்தெந்த ஊர்க்காரர்களோ. ஒரு பெண் எழுதியிருந்தாள், போன் அதைத் தமிழாக்கியது: 'என் அம்மா இப்போது பூனையிடம் மட்டும் பேசுகிறாள். பூனை பதில் சொல்லாது என்பதால்.'

அவரிடம் காட்டவில்லை.

ஜூலை 14, திங்கள்
இலவச சட்ட உதவியில் வக்கீல் ரேகா கிடைத்தாள். கன்னடக்காரப் பெண், சிவாஜி நகரில் வளர்ந்ததால் தமிழ் சரளம்.

"ஃபைலிங் ஈஸி அக்கா. எல்லாம் ஆன்லைன். கோர்ட் படி ஏற வேணாம். நோட்டீஸும் இமெயில்ல போயிடும்."

"அவங்க வருவாங்களா?"

"வரலைன்னாலும் கேஸ் நடக்கும்."

கேட்டதற்குப் பதில் இல்லைதான். ஆனாலும் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. வழியில் அவருக்கு அவரைக்காய் வாங்கினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்
வீடியோவில் விசாரணை. செல்லை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தேன். அவர் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, நேராக, போட்டோவுக்கு உட்கார்வது போல. கம்பெனி சார்பில் யாரும் இல்லை. ஒரு கட்டம் கறுப்பாகவே இருந்தது.

ஆணையத்து ஐயா அவரையே நேராகக் கேட்டார். இவர் ஐயாவின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்த்தார். படம் உறைந்து உறைந்து வந்தது. பேச்சை எழுத்தாக்கும் வசதியைப் போட்டிருந்தேன். ஐயாவின் கன்னடம் ஏதோ சமையல் குறிப்பு மாதிரி ஆங்கிலத்தில் ஓடியது.

"கேக்கலைங்க சார்!" என்று கத்தினார்.

"ஆடியோ ப்ராப்ளமா? மைக் செக் பண்ணுங்க."

"கேக்கலைங்க சார்!"

ரேகாதான் குறுக்கிட்டாள். "மைக் சரியா இருக்கு சார். அவருக்குக் காது கேக்காது. கேஸே அதுக்குத்தான்."

ஐயா ஃபைலைப் புரட்டினார். பிறகு அடுத்த தேதி.

போனை அணைத்ததும் கேட்டார்: "நான் சரியாப் பேசினனா?"

நன்றாகப் பேசினீர்கள் என்று தலையாட்டினேன்.

அக்டோபர் 8, புதன்
மழை. எதிர்த்தரப்பு வரவில்லை. தள்ளி வைப்பு. அவர் முழுநாளும் டிவி முன்னால், சத்தமில்லாமல். வேனுக்கு வேறு டிரைவர் போட்டாகிவிட்டது. பாவம் மஞ்சுநாத், அவர்தான் எத்தனை நாள் காத்திருப்பார்.

இப்போதெல்லாம் என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. நானும். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வலி, என் வாயைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் வலி.

ஜனவரி 22, வியாழன்
ஜெயித்துவிட்டோம்.

ஆர்டர் போனுக்கே வந்தது. மெஷினை ஓட வைக்க வேண்டும், முடியாவிட்டால் புதிதாகத் தர வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு. அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். புரிந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். எத்தனை மாதம் ஆயிற்று அந்த முகத்தைப் பார்த்து! பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மைசூர் பாக்.

ஜனவரி 23, வெள்ளி
மதியம் ரேகா போன். கவுண்டரில் கூட்டம், வெளியே போய்ப் பேசினேன்.

"அக்கா, ஆர்டரை அனுப்பினேன். திரும்பி வந்துடுச்சு. அந்த இமெயிலே இப்ப இல்ல. கம்பெனியை மூடிட்டாங்க, பேரை வேற யாரோ வாங்கியிருக்காங்க."

"ஆர்டர் இருக்கே?"

"இருக்கு. நம்ம ஆர்டரை அந்த ஊர்ல நடத்திக் குடுக்க ஆள் இல்லக்கா. புகார் மட்டும்தான் கடல் தாண்டும்." அழுதுவிடுவாள் போலிருந்தது. நான்தான் பரவாயில்லம்மா என்றேன்.

வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கத்தித்தான் சொல்ல வேண்டும். சுவர் ஒட்டிய வீடுகள். அவருக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுதிக் காட்டலாம். பேனா எடுத்தேன், வைத்துவிட்டேன். நாளை.

ஜனவரி 24, சனி
பனி. நான் குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பியிருக்கிறார். காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, செல்லைப் பையில் வைத்துக்கொண்டு. மஞ்சுநாத்திடம் ஆர்டரைக் காட்டத்தான்.

வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தார், வேகமாக, கையை வீசி. "ஏங்க! போகாதீங்க! ஏங்க!" இருந்த குரல் முழுக்கப் போட்டுக் கத்தினேன்.

பால்காரர் திரும்பினார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் திரும்பினார்கள். மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவர் போய்க்கொண்டே இருந்தார்.